சம்பந்தியம்மா நிறுத்திவிட்டுப் போன ஆட்டம்

ஜனவரி 13, திங்கள். போகி.

இந்த டைரி பூபதிக்கு அவன் வேலை பார்க்கும் பம்பு கம்பெனியில் கொடுத்தது. "சிலிண்டர் மாட்டுற தேதி எழுதிக்கம்மா" என்று என்னிடம் போட்டுவிட்டான். சிலிண்டர் தேதிக்கு இரண்டு பக்கம் போதும். மிச்சப் பக்கத்தை வீணாக்க மனசு வரவில்லை. நான் ஐந்தாவதோடு நின்றவள்தான். ஆனாலும் என் எழுத்து கோட்டை விட்டு இறங்காது. சம்பந்தியம்மா அத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதினவர், அவர் எழுத்து வரியின் கடைசியில் மேலே ஏறிவிடும். சொல்லவில்லை, பார்த்தேன்.

போகிக்காக ஒட்டடை அடித்தோம். வடவள்ளியில் மூன்றாவது மாடி வீடு. நான், என் மகன் பூபதி, மருமகள் நித்யகலா. தீபாவளியிலிருந்து நித்யாவின் அம்மா கோகிலமும் எங்களோடு. ஈரோட்டில் கணக்கு டீச்சராக இருந்தவர். வீட்டுக்காரர் போன பிறகு தனியாக இருக்க வேண்டாமென்று நித்யா கூட்டி வந்துவிட்டாள். பேத்தி ஆதிரை சென்னையில் வேலைக்குப் போய்விட்டதால் அவள் அறை சும்மாதான் கிடந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

ஒரே வீட்டில் இரண்டு சம்பந்தி இருப்பது லேசில்லை. காபி குடித்த டம்ளரை அவரே கழுவி வைக்கிறார். வீட்டுக்கு வந்தவர் கழுவினால் எனக்கு மரியாதை இல்லை. நான் கழுவினால் அவருக்கு ஆகாது. யார் முதலில் எழுந்திருப்பது என்று பார்த்துக்கொண்டே காபி ஆறிப்போகிறது.

லாஃப்ட்டில் இருந்து ஒரு அட்டைப்பெட்டி விழுந்தது. பூபதி பள்ளிக்கூடம் போன காலத்து வீடியோ கேம். இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, மஞ்சள் கேசட் ஒன்று. குப்பைக்கு எடுத்து வைத்தேன்.

"இருக்கட்டுங்க சம்பந்தியம்மா" என்றார் நித்யாவின் அம்மா. "பரிட்சை வைக்காம பெயில் போடக் கூடாது."

ஜனவரி 16, வியாழன்.

மாட்டுப் பொங்கலும் முடிந்தது. பூபதி டவுன்ஹால் பக்கம் போய் புது அடாப்டர் வாங்கி வந்து மாட்டினான். முதலில் டிவியில் கோடு கோடாக வந்தது. கேசட்டைக் கழற்றி வாயால் ஊதி மறுபடி சொருகினான். பாட்டோடு வந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் ஊதினால்தான் வருகிறது.

"இதுக்காக என்னை எத்தனை அடி அடிச்சீங்க, ஞாபகம் இருக்குதா?" என்றான்.

"நாலு தறி ஓடுது, நூல் அறுந்தா ஓடியாடி முடிச்சுப் போட ஆளில்லை. நீ டிவி முன்னாடி. அடிக்காம கொஞ்சுவாங்களா?"

சோமனூரில் எங்களுக்குத் தறிக்குடோன் இருந்தது. என் வீட்டுக்காரர் இருந்தவரை நாங்கள் இரண்டு பேரும்தான் ஓட்டினோம்.

கேசட்டின் மேல் ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆட்டம் என்று போட்டிருக்கிறது. பார்த்தால் ஏழெட்டுதான். அதையே திருப்பித் திருப்பிப் போட்டு கேசட் செய்தவன் ஏமாற்றியிருக்கிறான். பூபதிக்கு இது அப்போதே தெரியுமாம். என்னிடம் சொல்லவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு.

வாத்து சுடுகிற ஆட்டத்தில் எத்தனை சுட்டும் ஒரு வாத்தும் விழவில்லை. பழைய டப்பா டிவியில்தான் அந்தத் துப்பாக்கி வேலை செய்யுமாம், இந்தத் தட்டை டிவியில் செய்யாதாம். மேலிருந்து கட்டை விழுந்து விழுந்து அடுக்குகிற ஆட்டம் சம்பந்தியம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு அது பாத்திரம் கவிழ்த்து அடுக்குகிற மாதிரி இருக்கிறது. அதுதான் தினமும் செய்கிறேனே.

பிறகு டாங்கி ஆட்டம் போட்டோம். இதற்கு இரண்டு பேர் வேண்டும். அவருக்குப் பச்சை டாங்கி, எனக்கு மஞ்சள். கீழே நடுவில் ஒரு பருந்து பொம்மை, சுற்றிலும் செங்கல். மேலிருந்து எதிரி டாங்கி மூன்று பக்கமும் இறங்கி வரும். எல்லாவற்றையும் சுட்டு முடித்தால் அடுத்த மேடை. நம் டாங்கி போனால் மிச்சம் இருப்பதில் இன்னொன்று வரும். பருந்து போய்விட்டால் எத்தனை டாங்கி மிச்சம் இருந்தாலும் ஆட்டம் முடிந்தது. அவ்வளவுதான் சட்டம். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது.

இரண்டாவது மேடையிலேயே தோற்றுப்போனோம். போனால் போகிறது என்று எழுந்திருக்கப் பார்த்தேன். சம்பந்தியம்மா ஏற்கனவே மறுபடி பட்டனை அழுத்தியிருந்தார்.

ஜனவரி 22, புதன்.

சிலிண்டர் மாட்டியது. முருங்கைக்கீரை ஆய்ந்தேன். ஆறாவது மேடை.

ஜனவரி 26, ஞாயிறு.

இன்று பெரிய சண்டை. நம் இரண்டு டாங்கியில் ஒன்று இன்னொன்றைச் சுட்டால் சுடப்பட்டது கொஞ்ச நேரம் அசையாமல் நின்று மினுங்கும். சம்பந்தியம்மா என்னை மூன்று தடவை சுட்டுவிட்டார்.

"தெரியாம பட்டுருச்சுங்க."

"ஒரு தடவை தெரியாம. மூணு தடவையுமா?"

"நீங்க ஏன் என் பக்கத்துக்கு வர்றீங்க? இடது பக்கம் உங்களதுன்னு பேசினோமில்ல?"

"உங்க பக்கம் ஓட்டையா இருக்குது, அதான் வந்தேன்."

அரைநாள் பேசவில்லை. சாயங்காலம் அவரே வந்து, "ஒழுங்கா ஒரு ஆட்டம் போடலாங்களா?" என்றார். போட்டோம். பத்தாவது மேடை. பூபதி சோபாவில் படுத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே என் ரெக்கார்டைத் தாண்டிட்டீங்க" என்றான்.

ஆதிரை போனில் வீடியோவில் வந்தாள். அவள் ஆபீசில் இந்தப் பழைய ஆட்டங்களைத் தேடிப் பிடித்து ஆடுகிறார்களாம். முன்பு என் போனில் அவள் ஒரு ஆட்டம் ஏற்றிக் கொடுத்திருந்தாள். படம் எல்லாம் சினிமா மாதிரி இருக்கும். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் விளம்பரம் வரும், வைரம் வாங்கு என்று கேட்கும், தோற்றாலும் கைதட்டும். இது அப்படி இல்லை. தோற்றால் தோற்றாய் என்று சொல்லிவிட்டு சும்மா நிற்கிறது.

"அதான் அப்பத்தா இன்னும் நல்லாருக்குது" என்றாள். என் பேத்தி எதையும் ஒரே வரியில் சொல்லிவிடுவாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு.

மதியம் கடை வரை போனோம், நானும் சம்பந்தியம்மாவும். நான் வெளியே கிளம்பினால் கேஸ், தண்ணீர்ப் பைப், கரண்ட் மெயின் மூன்றையும் அணைக்காமல் என் கால் வாசல்படி தாண்டாது. குடோன் காலத்துப் பழக்கம். பக்கத்துக் குடோன் ஒருநாள் கரண்டில் பற்றி எரிந்ததைப் பார்த்தவள் நான். நித்யா, "ஃப்ரிட்ஜுல இருக்கிறதெல்லாம் கெட்டுப் போகுதுங்க அத்தை" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். என் கை கேட்பதில்லை.

திரும்பி வரும்போது லிஃப்ட் ரிப்பேர். முதல் மாடி ஏறியதும் சம்பந்தியம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உதடு வெளுத்திருந்தது. "கால் வலிங்க" என்றார். கால் வலித்தால் நெஞ்சைப் பிடிப்பார்களா?

ராத்திரி சமையலறையில் நித்யா அழுதுகொண்டு பாத்திரம் தேய்த்தாள். கேட்டேன். அவள் அம்மாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருக்கிறது. மாற்றியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை தேதி கொடுத்து இரண்டு தடவையும் இவர் போகவில்லை. மூன்றாவது தேதி இந்த மாதம் 14. இதைத் தாண்டினால் கையை விரித்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது. "அத்தைகிட்ட சொல்லாதே, பாவம் பார்ப்பாங்க" என்று சொல்லி வைத்திருக்கிறார்.

நான் பாவம் பார்க்கவில்லை. இன்றைக்கும் பதின்மூன்றாவது மேடையில் அவரைத் திட்டினேன்.

பிப்ரவரி 5, புதன்.

நேராகவே கேட்டுவிட்டேன். "ஏனுங்க போக மாட்டேங்கறீங்க?"

ஆட்டத்தை நிறுத்தாமலே சொன்னார். "எங்க வீட்டுக்காரரும் சாயங்காலம் வந்துருவேன்னு சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்."

எதிரி டாங்கி ஒன்றைச் சுட்டார். பிறகு அவர், "இதுல முப்பத்தஞ்சு மேடை இருக்குதாமா. முடிச்சுட்டுப் போறேன்" என்றார்.

"முடியலீன்னா?"

"முடியற வரைக்கும் போக முடியாதுல்லங்க."

டீச்சர் இல்லையா, நன்றாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்.

பிப்ரவரி 11, செவ்வாய். தைப்பூசம்.

காலையில் இருந்தே மருதமலைக்குக் கூட்டம் போகிறது. நம் வீட்டு வாசலில் இருந்து கேட்டால் மேளம் கேட்கும். பால் பாயசம் வைத்தேன். பூபதியும் நித்யாவும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் உட்கார்ந்தோம்.

இன்று கை வந்துவிட்டது. இருபது தாண்டியது, இருபத்தைந்து தாண்டியது. இருபத்தேழு. எனக்கு மூன்று டாங்கி மிச்சம், அவருக்கு ஒன்றே ஒன்று. "கடைசி டாங்கிங்க சம்பந்தியம்மா, என்னைப் பார்த்துக்கோங்க" என்று சிரித்தார். சிரித்தவர் அப்படியே பட்டனை அழுத்தி ஆட்டத்தை நிறுத்தினார். திரையில் நடுவில், நிறுத்தினால் வருகிற இங்கிலீஷ் எழுத்து மட்டும் மினுங்கியது. ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துவிட்டு சுவரில் சாய்ந்தார். வேர்த்துக் கொட்டியது. மூச்சு வாங்கவில்லை, இழுத்தது.

பக்கத்து வீட்டு மேரி டீச்சரைக் கூப்பிட்டேன், அவர் ஆம்புலன்சைக் கூப்பிட்டார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது என் கையைப் பிடித்தார் சம்பந்தியம்மா. இந்த வீட்டுக்கு வந்து முதல் தடவை.

"அணைச்சுராதீங்க. அணைச்சா முதல்ல இருந்து வரணும். நான் வந்துதான் இதை முடிக்கணும்."

"அணைக்க மாட்டேன், போங்க" என்றேன்.

பாயசத்தை யாரும் குடிக்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்.

அவருக்கு இப்போது பரவாயில்லை. ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். 14ஆம் தேதி ஆபரேஷன் நிச்சயம்.

டிவியை அணைத்தேன், கேமை அணைக்கவில்லை. அதில் ஒரு சிவப்பு லைட் எரிகிறது. வேலைக்கு வரும் ராணியிடம் அந்தப் பக்கம் துடைப்பமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். "அதுல என்னங்கம்மா இருக்குது?" என்றாள். "டாங்கி" என்றேன்.

அடாப்டர் சூடாகிறது. டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். நமக்கு சீலிங் ஃபேன் போதும்.

பிப்ரவரி 14, வெள்ளி.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஐசியுவில் இருக்கிறார். நித்யா அங்கே. நான் வீட்டில்.

பேப்பரில் நாளைக்கு எங்கள் ஏரியாவுக்கு மின்தடை என்று போட்டிருக்கிறது, காலை ஒன்பது முதல் மாலை வரை. எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். வடவள்ளி இருக்கிறது.

பிப்ரவரி 15, சனி.

பூபதி ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் கேமின் ஒயரை இன்வெர்ட்டர் பிளக்கில் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினால் ஒரு நொடி அணையும். "ஒரு நொடிதானேம்மா" என்றான். ஒரு நொடியும் அணைத்தல்தான். கடைசியில் எக்ஸ்டென்ஷன் பெட்டியின் அடியைக் கழற்றி என்னென்னவோ செய்து அணையாமலே மாற்றினான். என் மகன் மூளைக்காரன். உள்ளே ஒரு தீப்பொறி பறந்தது, நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பகல் பூராவும் இன்வெர்ட்டர் தாங்க வேண்டுமே என்று ஃபேன், லைட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல புழுக்கம். மேரி டீச்சர் வந்து பார்த்து, "ஏங்க, ஜெபமா?" என்றார். "கரண்ட் இல்லீங்க" என்றேன்.

நாலரைக்குக் கரண்ட் வந்தது. சிவப்பு லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு.

காலை ஏழு மணிக்கு நித்யா போன் செய்தாள். உள்ளே ரத்தம் கசிகிறது, மறுபடி தியேட்டருக்குக் கொண்டு போகிறார்கள். அழவில்லை. அழாமல் சொன்னதுதான் எனக்கு பயமாக இருந்தது. பூபதி வண்டியை எடுக்கக் கீழே ஓடினான். நான் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரை நாற்காலியில். நாலு மணிக்கு டாக்டர் வந்து, கசிவு நின்றுவிட்டது, பார்ப்போம் என்றார். பார்ப்போம் என்றால் என்ன அர்த்தமோ.

திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீடே இருட்டு. சுவிட்சைப் போட்டேன், லைட் எரியவில்லை. கேமிலும் சிவப்பு லைட் இல்லை. இன்வெர்ட்டர் கூவி ஓய்ந்துபோயிருந்தது. பூபதி மேரி டீச்சர் வீட்டில் கேட்டான். கரண்ட் போகவே இல்லையாம். எங்கள் மெயின் இறங்கியிருந்தது.

"யாரும்மா மெயினை இறக்குனது?"

நான் சமையலறைக்குப் போனேன். கேஸ் மூடியிருந்தது. தண்ணீர்ப் பைப்பும் மூடியிருந்தது.

இன்றைக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்.

மூச்சுக்காக வாயில் விட்டிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். இரண்டு பேராக உள்ளே விட்டார்கள். சம்பந்தியம்மா சின்னதாகிப் போயிருந்தார். பேச்சு காற்றாகத்தான் வந்தது. இரண்டு கட்டைவிரலையும் போர்வை மேல் அசைத்துக் காட்டினார். ஜாய்ஸ்டிக் பிடிக்கிற மாதிரி.

"ஓடுதுங்களா?"

"ஓடுது. அது எங்க போகப் போகுது" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். நித்யா என்னைப் பார்த்தாள்.

வெளியே வந்து கேன்டீனில் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள். "அது அணைஞ்சு போச்சுன்னு உங்க மகன் சொன்னாரே அத்தை."

"அணையல. நான்தான் அணைச்சேன். கிளம்புற அவசரத்துல என் கை தானா போயிருச்சு."

"தெரியுங்க அத்தை. பைப்பு, கேஸ் எல்லாம் மூடியிருந்ததுன்னும் சொன்னார்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் டீயை எனக்கு ஆற்றிக் கொடுத்தாள்.

"வீட்டுக்கு வந்து பார்த்தா தெரிஞ்சுருமே, அப்ப என்ன சொல்வீங்க?"

"வர்றதுக்குள்ள கொண்டு போய் அங்கேயே நிறுத்திரலாம்."

"எதை?"

"ரெண்டு டாங்கியையும். நீ பச்சை."

பிப்ரவரி 19, புதன்.

ஐசியுவில் காலையில் ஒரு நேரம், சாயங்காலம் ஒரு நேரம்தான் விடுகிறார்கள். நடுவில் பூபதி அங்கே காத்திருக்கிறான், நாங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். நித்யா ஆபீசுக்கு லீவு.

நித்யா மூன்றாவது மேடையிலேயே தோற்றுப்போனாள். மூலையில் போய் நின்றுகொள்கிறாள். எதிரி வந்தால்தான் சுடுகிறாள்.

"ஏங்கண்ணு அங்கேயே நிக்கிறே? பருந்தை யார் பார்க்கறது?"

"பயமா இருக்குதுங்க அத்தை."

"பொம்மை டாங்கி. அதுக்கென்ன பயம்."

"நீங்க ஏன் அப்ப இப்படி வேர்க்கறீங்க?"

அவளுக்கு வாய் இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் இன்றுதான் பார்க்கிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்.

ஒன்பதில் தோற்றோம். பிறகு ஏழில். தோசை மாவு பொங்கி ஃப்ரிட்ஜெல்லாம் வழிந்துவிட்டது.

பிப்ரவரி 21, வெள்ளி.

சம்பந்தியம்மாவை ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு வாய் இட்லி சாப்பிட்டாராம். "அப்படியே நிக்குதுங்களா?" என்று கேட்டார். நிற்கிறது என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, ஆனால் வருகிறது.

மதியம் ஆதிரை போன் செய்தாள். நித்யா விஷயத்தைச் சொல்லிவிட்டாள். ஆதிரை சிரித்துவிட்டு, "அம்மா, ஸ்டேஜ் ஒண்ணுன்னு முதல்ல காட்டுதில்ல? அப்ப பட்டனை அழுத்திட்டே இரு. நம்பர் ஏறும். நேரா இருபத்தேழுக்கே போயிரலாம்" என்றாள்.

நித்யா செய்து பார்த்தாள். ஏறியது. இருபத்தேழு என்று நின்றது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. நான் எழுந்து போய் கேமை அணைத்தேன்.

"என்னங்க அத்தை!"

"வேண்டாம். ஒண்ணுல இருந்து வருவோம்."

"யாருக்குத் தெரியப் போகுது?"

"மருதமலைக்கு பஸ்சும்தான் போகுது. படி ஏறி வர்றேன்னு வேண்டிக்கிட்டவ பஸ்சுல போவாளா?"

"நாம எங்க அத்தை வேண்டிக்கிட்டோம்?"

அடுப்பில் பால் இருந்தது. பார்க்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவள் ஒன்று என்று வைத்து எனக்காகக் காத்திருந்தாள்.

பிப்ரவரி 22, சனி.

பதினெட்டு வரை வந்து போயிற்று. என் தப்பு. நித்யா ஒன்றும் சொல்லவில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

நடுவில் ஒரு மேடையில் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கை நிற்கவில்லை, சுட்டுக்கொண்டே அழுதாள். "அப்பா போனப்ப நான் ஊர்ல இல்லீங்க அத்தை" என்றாள். "வலது பக்கம் வருது பார்" என்றேன். பார்த்தாள். சுட்டாள். பிறகு முந்தானையால் நானே அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன், அவள் கை வேலையாக இருந்ததால்.

பிப்ரவரி 24, திங்கள்.

நாளன்னைக்கு டிஸ்சார்ஜ் என்று சொன்னார்கள்.

பத்து மணிக்கு உட்கார்ந்தோம். நித்யா இப்போது மூலையில் நிற்பதில்லை. நான் முன்னால் போகிறேன், அவள் பருந்தை விட்டு நகர்வதில்லை. இருபத்தொன்றில் செங்கல் முழுக்க உடைந்து பருந்து வெட்டவெளியில் நின்றது. நித்யா தன் டாங்கியைக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தி குண்டைத் தானே வாங்கிக்கொண்டாள். இருபத்தைந்து. இருபத்தாறு. இருபத்தேழு தொடங்கியதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "நிறுத்து" என்று கத்தினோம். பட்டனை அழுத்தினாள். அதே எழுத்து மினுங்கியது.

நித்யா என் தோளில் சாய்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். குழம்புக்குப் புளி ஊற வைக்க வேண்டியிருந்தது.

பிறகுதான் பார்த்தேன். எனக்கு ஒரு டாங்கி மிச்சம், பச்சைக்கு நாலு. சம்பந்தியம்மா போகும்போது தலைகீழாக இருந்தது. இதையெல்லாம் யார் எண்ணப் போகிறார்கள்.

மெயின் பெட்டியின் கதவைக் கயிறு போட்டுக் கட்டிவிடும்படி பூபதியிடம் சொன்னேன். என் கைக்கு எட்டாத மாதிரி முடிச்சு.

பிப்ரவரி 26, புதன். சிவராத்திரி.

சம்பந்தியம்மா வந்துவிட்டார். ஆரத்தி எடுத்தேன். லிஃப்ட் ஓடியது, நல்ல வேளை. நெஞ்சோடு ஒரு சின்னத் தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். இருமினாலும் சிரித்தாலும் அதை அழுத்திக்கொள்ள வேண்டுமாம்.

பயணக் களைப்பு, தூங்கிவிட்டார். ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது.

பிப்ரவரி 27, வியாழன்.

காலையில் காபி குடித்துவிட்டு அவரே மெல்ல ஹாலுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, "டிவியைப் போடுங்க சம்பந்தியம்மா" என்றார்.

போட்டேன். ஆட்டம் நின்ற இடத்தில் நின்றது. அவர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்கிட்ட ஒண்ணுதான இருந்துச்சு?"

சமையலறையில் நித்யா மிக்ஸியை நிறுத்தினாள்.

"இப்ப நாலு இருக்குதுங்களே."

"அப்ப எண்ணினதுல தப்பாயிருக்கும்" என்றேன்.

அத்தனை வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, தலையணையை நெஞ்சில் அழுத்திக்கொண்டார். "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க. தையல் இழுக்குது." பிறகு சிரிப்பு நின்றதும் கேட்டார். "பழைய ஆட்டம் என்னங்க ஆச்சு?"

"மெயினை இறக்கிட்டேன்."

"நீங்களா?"

"ஆமாங்க. மறுபடி தியேட்டருக்குக் கொண்டு போறாங்கன்னு போன் வந்துச்சு. கிளம்பற அவசரம்."

அவர் திரையோரம் இருந்த இருபத்தேழை விரலால் காட்டினார்.

"ஒண்ணுல இருந்தா வந்தீங்க?"

"வேற எங்கிருந்து வர்றது?"

"பச்சை யாரு?"

"உங்க மக."

நித்யா கதவோரம் வந்து நின்றாள். சம்பந்தியம்மா அவளைப் பார்க்காமல், "நாலு டாங்கி மிச்சம் வெச்சிருக்கா. செலவாளி என் சம்பந்திதான் போல" என்றார். எனக்குச் சுருக்கென்றது, இருந்தாலும் விட்டுவிட்டேன்.

காலி டம்ளர் அவர் பக்கத்தில் இருந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், எழுந்திருக்கவில்லை.

திரும்பி வந்தபோது ஜாய்ஸ்டிக் அவர் கையில் இருந்தது. "நீங்க இடது பக்கம். என் பக்கம் வரக் கூடாது" என்றார். அவர் பட்டனை அழுத்தினார். இருபத்தேழைத் தாண்டினோம். இருபத்தெட்டில் கொஞ்ச நேரம்தான் நின்றோம். பருந்தைச் சுட்டது எதிரி இல்லை. கீழே திரும்பும்போது சம்பந்தியம்மாவே சுட்டுவிட்டார்.

"ஐயய்யோ" என்றார்.

ஆட்டம் முடிந்தது என்று திரையில் வந்தது. நித்யா என் முகத்தைப் பார்த்தாள். நான் திட்டவில்லை.

"போச்சுங்க" என்றார் சம்பந்தியம்மா. தலையணையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். "அணைச்சுருங்க சம்பந்தியம்மா. நாளைக்கு ஒண்ணுல இருந்து வரலாம்."

எழுந்து போய் சுவிட்சை அணைத்தேன். சிவப்பு லைட் போனது. டேபிள் ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

சிலிண்டர் மாட்டியது.